தலைவலி என்றால் இடது சக்கரம்

என் மனைவி சரோஜாவுக்குத் தலைவலி என்ற ஒன்று வந்ததே இல்லை. அடிக்கடி வரும் என்று நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால், அவள் உயிராய் ஆசைப்பட்ட வேலை அவள் கைக்கு வராமல் போனது. நான்கு வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பொய்யைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு பொய்யைச் சொல்லியாக வேண்டும்... அதுதான் மூத்தது.

ஏற்காட்டில் எந்த ஜீப்காரரை வேண்டுமானாலும் கேளுங்கள். முன் சக்கரத்தில் 'ம்ம்ம்' என்று முனகல் வருகிறதா, மாதேசு பட்டறைக்குக் கொண்டு போங்கள் என்பார். வண்டியை விட்டு இறங்காமலே எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று சொல்லிவிடுவான், அவனுக்குத் தங்கக் காது என்பார். அந்த மாதேசு நான்தான். எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். நானே பல நாள் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

சின்ன வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வற்றிவிடும் என்று அம்மா பக்கத்து வீட்டில் ஒரு சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது, கூடவே இடது காதும் வற்றிப்போனது. சங்கிலியைத் திருப்பிக் கொடுத்தோம். காது திரும்பவில்லை.

ஒரு காது போனால் பாதிதான் கேட்கும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை, எல்லாமே கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது! யாராவது 'மாதேசு' என்று கூப்பிட்டால், நான் நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றித்தான் ஆளைக் கண்டுபிடிப்பேன். உலகத்தில் உள்ள சத்தமெல்லாம் எனக்கு வலது பக்கத்திலிருந்துதான் வரும். இப்படிப்பட்டவன், முனகுவது எந்தச் சக்கரம் என்று சொல்லிப் பிழைக்கிறான்... இதைவிடப் பெரிய கூத்து உண்டா?

முனகல் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பேரிங் தேய்ந்தால் அது முனக ஆரம்பிக்கும். மெதுவாகப் போகும்போது வாயைத் திறக்காது. நாற்பதைத் தாண்டினால் பாடத் தொடங்கும். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தாலும் அதேபோல் ஒரு சத்தம் வரும், ஆனால் சாலை மாறினால் அந்தச் சத்தமும் மாறும். பேரிங் எந்தச் சாலையிலும் ஒரே ராகம்தான். இடதா வலதா என்று பார்க்கச் சமவெளியில் சுலபமான வழி உண்டு. வேகமாகப் போய்க்கொண்டே ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் ஒடித்தால் பாரமெல்லாம் வலது சக்கரத்தின் மேல் விழும். முனகல் கூடினால் வலது பேரிங். வலது பக்கம் ஒடித்துக் கூடினால் இடது. இதற்கு ஒரு காதே போதும்.

ஆனால் எங்கள் மலையில் ஒடித்துப் பார்க்க இடம் ஏது? வளைவில் வண்டி இரண்டாவது கியரில் ஊர்ந்துதான் திரும்பும், அந்த வேகத்தில் பேரிங் பேசாது. மஞ்சக்குட்டை போகும் வழியில் ஒரே ஒரு நேர்ச்சாலை இருக்கிறது. அங்கே நாற்பதைத் தொடலாம், தொட்ட மாத்திரத்தில் சாலை முடிந்துவிடும், எதிரே பஸ் வந்துவிடும். ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தால் நோய் முற்றியிருந்தால்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்குப் போய்ச் சோதித்துவிட்டு வரலாம் என்றால் எவரும் சம்மதிப்பதில்லை. ஆகவே இங்கே காதுதான் கருவி. அந்தக் காது என்னுடையது அல்ல, சரோஜாவுடையது.

கல்யாணமான புதிதில் நான் வேறொருவர் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜா வெள்ளக்கடைப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தாள். ஒரு நாள் அந்த எஸ்டேட் ஜீப் முனகிக்கொண்டு வந்தது. வலது என்றேன். வழக்கமாகவே நான் வலது என்றுதான் சொல்வேன், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாய்ப் பாதி சரியாக இருக்கும். அன்று மீதிப் பாதி. வலது பேரிங்கை மாற்றிய பிறகும் ஜீப் முனகியது, முதலாளி என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

அன்று சாயங்காலம் அதே ஜீப்பில்தான் சரோஜா ஊர் திரும்பியிருக்கிறாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, அது எடது பக்கமுங்க. என் காலுக்குக் கீழதான் முனகிட்டு வந்துச்சு."

"உனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தேன்.

மறுநாள் இடது சக்கரத்தைக் கழற்றினேன். கிரீஸ் கருகி, பேரிங் உருளைகள் அம்மைத் தழும்பு போட்ட மாதிரி இருந்தன. அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவளைக் கட்டிக்கொண்டதற்குச் சேர்வராயன் கோயிலில் இன்னொரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் தோன்றவில்லை. அது பிறகுதான் வந்தது.

சொந்தப் பட்டறை போட்டதும் எங்கள் நாடகம் அரங்கேறியது. மலையில் காலி வண்டி போகாது, யாராவது ஏறிக்கொள்வார்கள், அதை ஒருவரும் தவறாக நினைப்பதில்லை. அதனால் நான் வண்டியை ஓட்டிச் சோதிக்கும்போதெல்லாம் சரோஜா கடைக்குப் போகிற சாக்கில் பின்னால் ஏறிக்கொள்வாள். எனக்கு நேர் பின்னால், என் நல்ல காதுக்குப் பக்கத்தில் உட்காருவாள். நேர்ச்சாலை முடிந்ததும் ஏதாவது ஒன்று சொல்வாள். தலைவலிக்குது என்றால் இடது சக்கரம். தாகமாக இருக்கிறது என்றால் வலது. பசிக்கிறது என்றால் பேரிங் இல்லை, டயர்.

இந்த ஏற்பாடு அவளுடையதுதான். முதல் நாள் அவள் "தலைவலிக்குதுங்க" என்றபோது, நான் வண்டியை ஓரங்கட்டி, கண்ணை மூடி, ரிஷியைப் போல் மூச்சை இழுத்து, "எடது பேரிங்" என்றேன். வண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் சரோஜா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பொய்யை யாராவது வளர்த்திருப்பார்களா?

என் செவிட்டுக் காதும் எனக்குப் புகழ் சேர்த்தது. முன்னால் இடது பக்கம் உட்கார்ந்து வண்டிக்காரர் பேசுவது இரைச்சலில் எனக்குப் பாதி விளங்காது, நான் பாட்டுக்கு ஓட்டுவேன். "தொழில்ல எறங்கிட்டா மாதேசு யாரு பேசினாலும் காதுல வாங்க மாட்டாப்ல" என்று அதையும் பெருமையாகப் பேசினார்கள்.

சரோஜாவுக்கு வந்த பெயர் வேறு... நோயாளி.

யோசித்துப் பாருங்கள். அவளை எந்த வண்டியில் ஏற்றினாலும் ஒரு மைல் போவதற்குள் தலைவலி, தாகம், பசி! ஊர் என்ன நினைக்கும்? "பாவம் மாதேசு, எப்பப் பாத்தாலும் சம்சாரத்துக்கு ஏதாச்சும் ஒரு நோவு" என்று என் முன்னாலேயே பரிதாபப்பட்டார்கள். எஸ்டேட் பெண்கள் அவளுக்குத் தைலம் கொண்டு வந்து கொடுத்தார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் தைல டப்பாக்கள் அடுக்கு அடுக்காக நின்றன. ஒரு ஜீப்காரர் வீட்டம்மா சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டே தீருவேன் என்று இவளை உட்கார வைத்துவிட்டாள். நெற்றி நிறையப் பற்றோடு வந்து, "எரியுதுங்க, நொம்ப எரியுது" என்று அழுகையும் சிரிப்புமாக நின்றாள். மூட்டை தூக்கும் உடம்பு அவளுக்கு. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

இதுவரை எல்லாம் விளையாட்டு. இனிமேல்தான் குற்றம்.

சரோஜாவுக்கு வண்டி ஓட்ட ஆசை வந்தது. விடிந்ததும் எஸ்டேட் மண்பாதையில் என் பழைய ஜீப்பைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். கற்றுக்கொண்டாள் என்று சொல்வதே தப்பு, ஏற்கெனவே தெரிந்ததைச் செய்து பார்த்தாள். இன்ஜின் கொஞ்சம் திணறுவதற்கு முன்பே அவள் கை கியருக்குப் போகும். ஏற்றத்தில் ஒரு தடவைகூட வண்டி பின்னால் உருண்டதில்லை. லைசென்ஸ் வாங்கிய அன்று அதை மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன்னால் வைத்தாள். "நானும் ஒரு நாளைக்கு நாலு பேரை ஏத்திக்கிட்டு இந்த மலையைச் சுத்தோணுமுங்க" என்றாள். அவள் என்னிடம் நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. கேட்டது இந்த ஒன்றைத்தான்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு தங்கும் விடுதிக்கு, வருகிற விருந்தினர்களைச் சுற்றிக் காட்ட ஓட்டுநர் தேவைப்பட்டார். குடும்பத்தோடு வருகிறவர்கள் அதிகம், பெண் ஓட்டுநர் என்றால் நல்லது என்றார்கள். சரோஜா போய்ப் பேசினாள், ஓட்டியும் காட்டினாள். மேனேஜர் சேலத்துக்காரர், நல்ல மனிதர். மறுநாள் என் பட்டறைக்கு வந்து, வலது பக்கமாக நின்று தெளிவாகக் கேட்டார்:

"மாதேசண்ணா, அக்கா அருமையா ஓட்டறாங்க. எனக்கு எடுத்துக்கத்தான் ஆசை. ஆனா அடிக்கடி தலைவலி வரும்னு ஊருல சொல்றாங்களே. மலைப் பாதை பாருங்க, அதான் உங்களையே கேட்டுடலாம்னு வந்தேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு சுலபமான கேள்வியைக் கேட்டதில்லை. 'இல்லைங்க' என்றால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? அப்புறம் ஏன் எல்லா வண்டியிலும் தலைவலி என்கிறாள் என்று கேட்பார். கேட்டால் தங்கக் காது என்ன ஆகும்? இன்னொன்றும் மனதில் ஓடியது, அதை மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்கே அர்த்தமில்லை. அவள் ஓட்டப் போய்விட்டால் என் பின்னால் உட்காருவது யார்?

"ஆமாங்க," என்றேன். "அடிக்கடி வரும்."

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை என்று சொல்லக்கூட முடியாது, மூன்று வார்த்தை. மேனேஜர் என் தோளைத் தட்டி, "உண்மையச் சொன்னீங்களே, சந்தோசமுங்க" என்று போய்விட்டார்.

சரோஜா பத்து நாள் காத்திருந்தாள். வேறு ஆளை வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, "நமக்குக் குடுப்பினை இல்லீங்க, போகுது" என்றாள். அன்று மட்டும் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் காலையில் பழையபடி சிரித்துக்கொண்டு யாருடைய வண்டியிலோ என் பின்னால் ஏறி உட்கார்ந்து, எனக்காகத் தலைவலி என்றாள். நான் அந்தத் தலைவலியைக் கேட்டுக்கொண்டு இடது என்றேன். நான் மனிதன்தானா?

நான்கு வருடம் ஓடியது. எங்கள் வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். குற்றம் செய்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்றெல்லாம் சொல்வார்களே, எங்கள் வீட்டில் நன்றாகவே எரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் அதே மேனேஜர் ஒரு ஜீப்பைக் கொண்டு வந்தார். முன் சக்கரத்தில் முனகல். நான் ஓட்ட, அவர் என் இடது பக்கம், சரோஜா பின்னால். போகிற வழியில் மேனேஜர் பின்பக்கம் திரும்பி அவளிடம் ஏதோ பேச ஆரம்பித்தார். இன்ஜின் சத்தத்தில் என் செவிட்டுக் காதுக்கு விட்டுவிட்டுத்தான் விழுந்தது. தலைவலி... நாலு வருசம்... அண்ணன்கிட்டத்தான் கேட்டேன்...

கண்ணாடியில் பார்த்தேன். சரோஜாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. மேனேஜர் அன்று நடந்ததை வெள்ளந்தியாக அவளிடம் சொல்லிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. 

நேர்ச்சாலை வந்தது. நாற்பதைத் தொட்டேன். 'ம்ம்ம்' என்று முனகியது, வழக்கம்போல் வலது பக்கத்திலிருந்து. சாலை முடிந்தது. பின்னாலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனேன். அப்போதும் ஒன்றுமில்லை. கடைசியில் நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஏம்புள்ள, தலை வலிக்குதா?"

"இல்லீங்க," என்றாள் சரோஜா, என் நல்ல காதுக்குப் பக்கத்தில், மேனேஜருக்கும் கேட்கும்படி. "எனக்குத் தலைவலியே வந்ததில்லீங்க."

மேனேஜர் முழுவதுமாகத் திரும்பினார். "என்னக்கா சொல்றீங்க? பின்ன எப்பவும் தலைவலிங்கறது?"

முடிந்தது என்று நினைத்தேன். பல வருடத்துக் காது இந்த வளைவில் கழன்று விழப்போகிறது... விழட்டும் என்றும் ஒரு மனம் சொன்னது.

"அது சும்மாங்க," என்றாள். "இவருகூட வண்டியில சுத்தறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்லீங்களா? சீக்குன்னு சொன்னாத்தான் எறக்கி உடாம, ஊடு வரைக்கும் கூடவே கூட்டிட்டு வருவாரு. இவருக்கே இது தெரியாதுங்க. நெசமான தலைவலின்னுதான் இத்தனை நாளா நெனைச்சிட்டு இருக்காரு."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஒரே மூச்சில் தன் மேல் இருந்த நோயைத் துடைத்துப் போட்டாள், என் காதையும் காப்பாற்றிவிட்டாள், நான் அன்று சொன்ன பொய்யையும் ஏமாந்த கணவனின் வார்த்தையாக மாற்றிவிட்டாள்! எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏழு பிறவிக்கும் வராது.

"வண்டியை நிறுத்துங்க," என்றாள் அடுத்து. "சார் பாக்கட்டும், நான் ஓட்டறேன்."

நான் இறங்கிப் பின்னால் போய், அவள் இடத்தில் உட்கார்ந்தேன். சரோஜா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். நான்கு வருடம் காத்திருந்த கை என்று பார்க்கிற எவருக்கும் தெரியாது. வளைவுகளில் ஜீப் ஆடாமல் அசங்காமல் திரும்பியது. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின, காற்றில் அவள் முந்தானை பறந்து என் முகத்தில் அடித்தது. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். என் மனமும் அவளோடு சேர்ந்து துள்ளியது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே மேனேஜர், "அக்கா, திங்கக்கெழமை வந்துடுங்க" என்றுவிட்டார்.

அப்போதுதான் அவள் முன்னாலிருந்து கேட்டாள்.

"ஏனுங்க, எந்த வீலுன்னு சாருக்குச் சொல்லவே இல்லீங்களே?"

கண்ணாடியில் அவள் கண்கள் என்னையே பார்த்தன. உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் இனி எனக்கு வாய்க்காது. 'எனக்குத் தெரியாது சாமி, ஒரு காலத்திலும் தெரிந்ததில்லை. கேட்டதெல்லாம் இவள்தான். அன்று நான் தெரிந்தேதான் பொய் சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். அவள் வேலையும் இனிப் போகாது. அப்படியிருந்தும்...

"வலதுங்க," என்றேன்.

"சரிங்க," என்று அவள் கியரை மாற்றினாள்.

திங்கட்கிழமை சரோஜா வேலைக்குப் போனாள். அவள் போன பிறகு வலது சக்கரத்தைக் கழற்றினேன். பேரிங் புத்தம் புதிது போல் இருந்தது. சத்தம் காட்டாமல் அதை மாட்டிவிட்டு இடதைக் கழற்றினேன். நோய் அங்கேதான் இருந்தது, புதிது மாற்றினேன். எங்கள் ஊரில் கழற்றிய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும், அதுதான் வழக்கம். மேனேஜர் வந்ததும் அந்த இடது பேரிங்கைக் காட்டி, "பாருங்க, வலது" என்றேன். பேரிங்கின் மேல் இடது, வலது என்றா எழுதியிருக்கிறது? சுற்றிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "தங்கக் காதுண்ணா உங்களுக்கு" என்றார்.

அதைப் பழைய இரும்புப் பெட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் சரோஜா வந்தாள். முதல் நாள் வேலை, முகமெல்லாம் பூரிப்பு. யார் யாரை எங்கெங்கே கூட்டிப் போனாள், எந்தக் குழந்தை ஒவ்வொரு வளைவுக்கும் கை தட்டியது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு நிறைந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் மேனேஜரிடம் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. போன வாரமும் கேட்கவில்லை, இனியும் கேட்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் என்னை நம்பிவிட்டாளா, தெரிந்தே விட்டுவிட்டாளா? எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பில்லை.

காப்பி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அந்த வண்டி, வலதுதானுங்களே?"

"ஆமா, வலதுதான்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். இடது பேரிங் என் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது.